தப்பைக் கேட்டு வந்த டீச்சர்

கந்தர்வக்கோட்டை முந்திரிக்காடுகளில் போர்க்குழாய்க்குள் ஓடுகிற மோட்டார்களில் பாதி என் கையால் இறங்கியவை. மீதிப் பாதியை இறக்கியவர்கள் என்னிடம் தொழில் படித்தவர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. மோட்டார் தகட்டில் இருக்கும் இங்கிலீஷை எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. எழுத்தின் உருவத்தைப் பார்த்தே அது எத்தனை குதிரைசக்தி, எவ்வளவு ஆழம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். பழைய இரும்புக் கடையில் கிடந்த லாரிச் சாமான்களை வைத்துக் குழாய் தூக்கும் முக்காலியை நானே செய்தேன். வங்கிக்காரர் வாசலோடு திருப்பி அனுப்பியும் பட்டறை எழுந்தது. புயலில் பறந்த தகரக் கூரை பக்கத்து ஊர்க் கண்மாயில் கிடந்தது. அதைத் தூக்கி வந்து, வளைந்த ஆணியை நிமிர்த்தி, அதே இடத்தில் அடித்தேன். என் இரண்டு பெண்களையும் இன்ஜினியர் ஆக்கினேன்.

இதையெல்லாம் விடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. மோட்டார் இறக்குவதைப் போன் வழியாகக் கற்றுக்கொடுக்கிற பாடம் ஒன்று இப்போது ஊர் ஊராக ஓடுகிறதே, அது உருவானது என் பட்டறையில். அந்தப் பாடத்தில் என் பெயர் இல்லை.

அதைச் செய்த டீச்சரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் பெயரைப் போட மாட்டேன். அவர் என் பெயரை விட்டார். நான் அவர் பெயரை விடுகிறேன்.

டீச்சர் என்று எல்லோரும் கூப்பிட்டோமே தவிர, அப்போது அவர் எந்தப் பள்ளியிலும் இல்லை. ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர், ஊரடங்கு சமயத்தில் வேலை போய், கம்பெனிகளுக்கு ஆன்லைன் பாடம் செய்து கொடுக்கிற வேலைக்கு மாறியிருந்தார். மோட்டார் கம்பெனி ஒன்று தன் மோட்டாரை மாட்டுகிற பிட்டர்களுக்குப் பாடம் வேண்டும் என்று கேட்க, யாரோ என்னைக் கைகாட்டிவிட, ஒரு நாள் காலையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஒல்லியான உருவம். கழுத்தில் சின்னச் சிலுவை. தோளில் அவரைவிடக் கனமான பை.

படம் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்றதும் நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் என் சொந்தப் போரில் ஒரு மோட்டாரை இறக்கிக் காட்டினேன். குழாயைக் கவ்வுகிற கிளாம்பை எப்படிப் பிடிக்க வேண்டும், கேபிளை எங்கெங்கே கட்ட வேண்டும் என்று கேமராவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். பாதியில் அவர் கேமராவை அணைத்துவிட்டார்.

"என்ன தாயி, சார்ஜ் எறங்கிருச்சா?"

"இல்லைங்கய்யா. இதெல்லாம் கம்பெனி புத்தகத்துலயே இருக்கு. நீங்க எங்கெங்க தப்பு பண்ணுனீங்க, அதைச் சொல்லுங்க."

குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த என் ஆள் செல்வம் தலையைத் தூக்கினான். "டீச்சர், அண்ணன்கிட்டயா இதக் கேக்குறீங்க? வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சுட்டுக் கேட்டுருக்கலாம்ல?"

"நான் தப்பே பண்ணுனதில்ல" என்றேன்.

அவர் காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப மத்தவங்க பண்ணுனதச் சொல்லுங்க. பக்கத்துல நின்னு பாத்திருப்பீங்கள்ல."

மற்றவன் தப்பைச் சொல்ல எந்தத் தொழில்காரனுக்குக் கசக்கும்? ஆரம்பித்தேன். கிளாம்பை முடுக்காமல் விட்டு, மோட்டாரும் குழாயும் மொத்தமாகப் பாதாளத்துக்குப் போனது. கேபிள் குழாய் விளிம்பில் உரசி அறுந்தது. மூன்று பேஸ் கரண்டு லைனை மாற்றிக் கொடுத்து, மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்ற, தண்ணீர் நூல் மாதிரி வந்ததும், "போர்ல தண்ணி இல்ல" என்று ஒரு வீட்டில் அழுகையே எழுந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் டீச்சர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகும். "ஐயோ, சூப்பருங்கய்யா!" என்பார். யாருடைய மோட்டாரோ எரிந்துபோனதைச் சொல்கிறேன், இவர் திருவிழாவில் பலூன் கிடைத்த பிள்ளை மாதிரி சிரிக்கிறார். பொழுது சாய்வதற்குள் மற்றவன் தப்பெல்லாம் தீர்ந்து, என் தப்புக்கு வந்திருந்தேன். அது எனக்கே வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அவருடைய குணமே அதுதான். சரியாக நடந்த எதுவும் அவர் காதில் ஏறாது. என் வீட்டில் முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, என் மனைவி குழம்பை ஊற்றிவிட்டு நல்லா இருக்கா என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு ஆத்தா. இத எப்படியெல்லாம் கெடுக்கலாம்?"

என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்து, புளி முந்தினால் என்ன ஆகும், உப்புப் போட்டதை மறந்து இன்னொரு தரம் போட்டால் எதைச் சேர்க்கலாம் என்று அடுப்படியில் ஒரு பாடமே நடந்தது. என்னிடம் திரும்பி, "ஒங்க தப்பெல்லாம் நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். இந்தப் புள்ள மாதிரி ஒரு நாள் உக்காந்து கேட்டுருக்கீங்களா?" என்றாள். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.

தன் தப்பையும் அப்படித்தான் வைத்துக்கொள்வார். ஒரு நாள் திருவரங்குளத்தில் வேலை. அவர் வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. வியர்த்து விறுவிறுத்து வந்தவர், மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், அங்கே கிடந்த டிரம்மில் உட்கார்ந்து, எந்த இடத்தில் தவறாகத் திரும்பினார், திரும்பியது தெரிந்தும் ஏன் வண்டியை நிறுத்தாமல் போனார் என்று விளக்கிக்கொண்டிருந்தார். "தெரிஞ்சதுக்கப்புறமும் கொஞ்ச தூரம் போனேன் பாருங்க, அந்தக் கொஞ்ச தூரத்துலதாங்கய்யா பாடமே இருக்கு."

செல்வம் என் காதில், "படிச்சு படிச்சு ஒரு மாதிரி ஆயிருச்சுண்ணே" என்றான்.

நான் ஒரு நாள் கேட்டேன், சரியானதைக் கேட்க மாட்டீர்களா என்று. "தப்புக்குத்தாங்கய்யா சொந்தக்காரங்க இருப்பாங்க. அது யாரோ ஒருத்தருக்கு, ஒரு எடத்துல நடந்திருக்கும். சரியானதுக்குச் சொந்தக்காரங்க கிடையாது, அது எல்லாருக்கும் பொது" என்றார். அழகாகச் சொல்கிறதே இந்தப் பெண் என்று தலையாட்டிவிட்டேன். அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும்.

அவர் செய்த பாடம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். வீடியோ மாதிரி சும்மா ஓடிக்கொண்டிருக்காது. ஒரு வேலை நடக்கும், பாதியில் நிற்கும். இப்போது நீ என்ன செய்வாய் என்று கேட்கும். போனில் எதைத் தொடுகிறோமோ அதன்படி கதை போகும். தப்பாகத் தொட்டால் திட்டாது. அந்தத் தப்பு எங்கே கொண்டுபோய் விடுமோ அங்கே நம்மைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும். புகை வரும், குழாய் அறுந்து விழும், வீட்டுக்காரர் கத்துவார். பிறகு மறுபடி முதல் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும்.

எங்கள் பிட்டர்களை வைத்து அவர் அதைச் சோதித்தார். ஒருவன் எல்லாவற்றையும் சரியாகத் தொட்டால் அவருக்கு முகம் வாடிவிடும். "பாடம் தோத்துருச்சு" என்று லேப்டாப்பைத் திறந்து எதையோ மாற்றுவார்.

அதில் என் பங்கு என்ன? கிரீஸ் கையோடு தொட்டால் போன் கேட்காது, விரல் முட்டியால் தட்டுகிற அளவுக்குப் பொத்தானைப் பெரிதாக்குங்கள் என்றது நான். எழுத்துப் போடாதீர்கள், பேச வையுங்கள், என்னை மாதிரி தட்டுத் தடுமாறிப் படிக்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றது நான். முந்திரிக்காட்டுக்குள் டவர் கிடைக்காது, ஒரு தரம் போனில் இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடுகிற மாதிரி செய்யுங்கள் என்றதும் நான்தான். பூமிக்குள் போகிற மோட்டாரை எப்படிப் படம் பிடிப்பது என்று அவர் முழித்தபோது, பெரிய போர்க்குழாய் ஒன்றைப் பக்கவாட்டில் வெட்டி, வெட்டிய இடத்தில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடு பதித்து, முக்காலியில் நட்டமாகத் தூக்கி நிறுத்திக் கொடுத்தேன். மோட்டார் இறங்குவது வெளியிலிருந்து தெரியும். டீச்சர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சென்னையிலிருந்து வந்த கேமராக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கண்ணில் மாட்டுகிற பெட்டி ஒன்றும் கொண்டுவந்தார். அதை மாட்டினால் பட்டறை மறைந்துபோகும், போர்க்குழி வாயில் நிற்கிற மாதிரி தெரியும். கைக்கு ஒரு பிடி கொடுப்பார்கள், அதுதான் நம் கை. எங்கள் வட்டாரத்தில் அதை முதலில் மாட்டியவன் நான். இல்லாத கிளாம்பை முடுக்கி, இல்லாத குழாயை இறக்கி, களைத்துப்போய் இல்லாத திண்டில் உட்காரப் போனேன். செல்வம் பிடித்திருக்காவிட்டால் இடுப்பு போயிருக்கும். டீச்சர் ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி, "அடிபட்டுச்சா" அல்ல. "எதப் பாத்து உக்காரலாம்னு நெனச்சீங்க?"

இனி செம்புக் கதைக்கு வருகிறேன். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

நீர்மூழ்கி மோட்டாரை இறக்குவதற்கு முன்னால் அதன் வயிற்றுக்குள் நல்ல தண்ணீரை நிரப்ப வேண்டும். குமிழி வருவது நிற்கிற வரைக்கும் பொறுமையாக ஊற்ற வேண்டும். ஊற்றாமல் இறக்கி ஓடவிட்டால் உள்ளே சுற்றியிருக்கும் காயில் கம்பி எரிந்துவிடும். எல்லா பிட்டருக்கும் இது தெரியும். ஆனால் எங்கள் ஊரில் மோட்டார் போடுவது கிரகப்பிரவேசம் மாதிரி. தேங்காய், சூடம், மாலை, சொந்தபந்தம். ராகுகாலத்துக்கு முன்னால் தண்ணீர் வெளியே வந்து விழ வேண்டும். ஒரு வீட்டில், சிங்கப்பூர் சம்பாத்தியத்தில் போட்ட போர், வீட்டுக்காரரின் தாயார் என் தலைக்குமேல் நின்று, "தம்பி, ராகுகாலம் வந்துருச்சு, எறக்குப்பா, எறக்குப்பா" என்று விரட்டினார். அந்த அவசரத்தில் தண்ணீர் நிரப்புவதை விட்டுவிட்டோம். மோட்டார் ஓடியது. தண்ணீர் பீய்ச்சியது. எல்லோரும் நனைந்து ஆடினார்கள். சூடம் அணைவதற்குள் மோட்டார் அணைந்துவிட்டது. "ராகுகாலத்துல போட்டா வெளங்குமா?" என்று அந்த அம்மா அழுதார். என் ஆட்களும், ஆமாம் ராகுகாலம்தான் என்று தப்பித்துக்கொண்டார்கள்.

நான் ராத்தூக்கம் இல்லாமல் யோசித்து ஒரு வழி கண்டேன். அடுத்த வீட்டிலிருந்து, பூசை போட்டதும் வீட்டின் மூத்த பெண்மணி கையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்து, "ஆத்தா, நல்ல நேரம் தாண்டுறதுக்குள்ள மோட்டாருக்கு மொதத் தண்ணி ஒங்க கையால வார்த்து விடுங்க. அதோட காரியம் தொடங்கியாச்சு" என்பேன். அவர் பயபக்தியோடு ஊற்றுவார். நல்ல நேரமும் காப்பாற்றப்பட்டது, மோட்டாருக்குத் தண்ணீரும் நிறைந்தது. அப்புறம் நிதானமாக இறக்கலாம். பிட்டர் மறந்தாலும் வீட்டுக்காரர்கள் மறக்க விட மாட்டார்கள். பொன்னமராவதி வரைக்கும் இப்போது இதைச் சடங்காகவே செய்கிறார்கள். சாமி கொடுத்த வழக்கம் என்று நினைக்கிறார்கள். கொடுத்த ஆசாமி நான்.

இதைச் சொன்னபோது டீச்சர் கேமராவைத் தொடவில்லை. எரிந்த மோட்டார் கதையை மட்டும் இரண்டு தரம் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார். செம்பு விஷயத்தைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி, "இதுதாங்கய்யா நம்ம பாடத்துக்கு உயிர். மொதப் பக்கத்துல உங்க பேரு வரும், பாருங்க" என்றார். நான் கேட்டு அவர் சொல்லவில்லை. தானாகச் சொன்னார். என் மனைவி சாட்சி.

பிறகு அவர் சென்னைக்குப் போய்விட்டார். பாடம் வெளிவந்தது. அந்தப் பாடத்தை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள்தான் இனி தன் மோட்டார்களுக்கு சர்வீஸ் பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. செல்வம் டீக்கடையில் உட்கார்ந்தே முடித்துவிட்டான். முடித்தவன் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே. பாடத்துல ஒங்கள மாதிரியே ஒரு ஆளு வர்றாரு."

"எம் பேரு வருதா?"

"பேரு வரலண்ணே. ஆளு வர்றாரு."

அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து பாடத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தில் கம்பெனியின் பெயர். அடியில், உருவாக்கம் என்று டீச்சரின் பெயர். கேமராக்காரர் பெயர்கூட இருந்தது. பெரிய பொத்தான் வந்தது. என் கண்ணாடிப் போர் வந்தது. அப்புறம் அந்த ஆள் வந்தார். கார்ட்டூன் படம். என் மீசை. என் தோள் துண்டு. நான் நிற்கிற மாதிரி இடுப்பில் கை. கிளாம்பை முடுக்காமல் விடுகிறவர் அவர். லைனை மாற்றிக் கொடுக்கிறவரும் அவர்தான். கேபிளை அறுக்கிறவரும் அவரே. பாடம் முழுக்க எங்கே தப்பு நடந்தாலும் அங்கே என் மீசை. பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட சின்னப் பெண் ஒருத்தி, சிரித்த முகமாக எல்லாவற்றையும் சரி செய்கிறாள்.

ராகுகாலம் வந்தது. பூசை நடக்கிறது. அந்த ஆள், "தண்ணி கிண்ணியெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், எறக்குங்கப்பா!" என்று கத்துகிறார். ஹெல்மெட் பெண் குறுக்கே வந்து, வீட்டுப் பாட்டி கையில் செம்பைக் கொடுத்து, "ஆத்தா, நல்ல நேரம் தாண்டுறதுக்குள்ள மோட்டாருக்கு மொதத் தண்ணி ஒங்க கையால வார்த்து விடுங்க" என்கிறாள். என் வார்த்தை. ஒரு சொல் மாறவில்லை. பேசுவது ஏதோ கம்ப்யூட்டர் குரல்.

பாடம் நின்றது. கேள்வி வந்தது. "இவர்களில் தவறு செய்தவர் யார்? தொடுங்கள்."

நான் தொடவில்லை. அதைத் தொடாமல் பாடம் நகராது. அது நகராமல் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் என் பட்டறையில் நான் அந்தக் கம்பெனி மோட்டாரைத் திறக்கக் கூடாது. கோபத்தில் ஒரு தரம் ஹெல்மெட் பெண்ணைத் தொட்டேன். மோட்டார் எரிகிற படத்தைக் காட்டிவிட்டு, மீண்டும் முயலுங்கள் என்றது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஒங்கள மாரியே இருக்காரு. நல்லாத்தான் வரைஞ்சிருக்காங்க. அத ஒரு அமுக்கு அமுக்கிப்புட்டு வந்து சாப்புடுங்க, வெரலா தேஞ்சுரும்?"

டீச்சருக்குப் போன் போட்டேன். எடுத்ததும் அதே பாசமான குரல். "ஐயா! நல்லா இருக்கீங்களா? ஆத்தா நல்லா இருக்காங்களா?"

"நாங்க இருக்கறது இருக்கட்டும். அந்தக் கெழவன் யாரு?"

"அது ஒரு கேரக்டருங்கய்யா. படம் வரையிறவங்களுக்கு போட்டோ அனுப்பியிருந்தேன், அவங்க அதப் பாத்து..."

"யாரு போட்டோ?"

"உங்களோடதுதாங்கய்யா."

"செம்பு குடுக்குற புள்ள யாரு போட்டோ?"

"அது சும்மா, பொதுவா வரைஞ்சது."

"எம் பேரு?"

"போட்டுத்தாங்கய்யா வச்சிருந்தேன். அந்த மொகமும் வந்து, பேரும் வந்தா, உங்களக் கேவலப்படுத்துன மாதிரி ஆயிருமேன்னு நான்தான் எடுக்கச் சொன்னேன். உங்க மரியாதைக்காகத்தான்."

"மொகத்த எடுத்துட்டுப் பேர வச்சிருக்கலாமே, தாயி?"

"அவர் வர்ற எடத்துலதாங்கய்யா படிக்கிற பிள்ளைங்க மனசு நிக்குது. ஹெல்மெட் பொண்ண யாரும் ஞாபகம் வச்சுக்கல. பல பேர வச்சு சோதிச்சுப் பாத்துட்டோம். அவர எடுத்தா பாடம் செத்துரும்."

திட்டாமலே போனை வைத்துவிட்டேன். ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பாடம் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு என் வீட்டுச் சோறு, என் பட்டறை, என் மீசை எது வேண்டுமானாலும் உரம். எங்களோடு உட்கார்ந்து சிரித்ததெல்லாம் நடிப்பா என்று என் மனைவி கேட்டாள். நடிப்பு என்றால் இவ்வளவு வலிக்காது. அந்தப் பெண் உண்மையாகவே சிரித்தது. உண்மையாகவே எங்களை விரும்பியது. விரும்பிக்கொண்டே இதைச் செய்தது.

பாடத்தைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பாடம். அதைப் படித்த பிட்டர்கள் யாரும் தண்ணீர் இல்லாமல் மோட்டார் இறக்குவதில்லை. டீக்கடையில் பையன்கள் அந்த ஆளுக்குத் 'தப்புத் தாத்தா' என்று பெயர் வைத்து, கிளாம்பை முடுக்க மறந்தவனை அந்தப் பெயரால் கேலி செய்கிறார்கள். நான் வந்தால் பேச்சை மாற்றுகிறார்கள். என் பட்டறைச் சுவரில் செல்வத்தின் சான்றிதழ் தொங்குகிறது. அந்தக் கம்பெனி மோட்டார் வந்தால் அவன் திறக்கிறான். நான் பக்கத்தில் நின்று சொல்கிறேன்.

டீச்சர் இதைப் படிப்பார் என்று தெரியும். யாராவது அனுப்பி வைப்பார்கள். அவருக்கும் கம்பெனிக்கும் சேர்த்தே சொல்கிறேன். என் மீசையை எடுக்க வேண்டாம். பிள்ளைகள் மனதில் நிற்கிறது என்றால் நிற்கட்டும். பாடம் திறக்கிற முதல் பக்கத்தில், உங்கள் பெயருக்கு மேலே, கம்ப்யூட்டர் குரல் அல்லாமல் மனிதக் குரலில், படிக்கத் தெரியாதவனுக்கும் கேட்கிற மாதிரி ஒரு வரி வர வேண்டும். இந்தப் பாடத்தில் வருகிற தவறுகளைச் சொன்னவரும், அவற்றுக்கு வழி கண்டுபிடித்தவரும் ஒரே ஆள்தான் என்று. அதற்குப் பின்னால் என் ஊர். அதற்குப் பின்னால் என் பெயர், இனிஷியலோடு.